கேட்டால்தான் எடுத்துத் தரும் தகடு

வில்லாபுரம், மதுரை
13-2-2025

அக்காவுக்கு நாகமணி எழுதுவது.

நேற்று டாக்டரம்மா அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நான், எனக்கு இடப்பக்கம் இவர், வலப்பக்கம் மகள் வர்ஷினி, கதவோரம் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் தமிழ்ச்செல்வி. ஐந்து பேர்தான். நாளைக்கு வேறு யாராவது உன்னிடம் கூட்டியோ குறைத்தோ சொன்னால், நீ அந்த ஐந்து பேரில் ஒருவரா என்று கேள்.

சுகம் விசாரிக்காமல் இதில் ஆரம்பித்ததற்குக் கோபிக்காதே. நீ எப்படி இருக்கிறாய்? ராஜகுருவும் மருமகள் இந்துப்ரியாவும் சௌக்கியமா? உனக்குக் காது மந்தமானதிலிருந்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நாம் என்ன பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் வர்ஷினி கட்டாயப்படுத்தி கே.கே. நகர் கிளினிக்கில் எனக்கு மார்பகத்தை மட்டும் பார்க்கும் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். வலப்பக்கம் ஓரிடத்தில் சந்தேகம் என்று ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். நேற்றுதான் பதில். “அம்மா, இது கேன்சர் இல்ல. ஆனா சும்மா விட்டுறக் கூடியதும் இல்ல” என்றார் டாக்டரம்மா. இவர், அப்ப ஒண்ணும் இல்லல்ல, அப்ப ஒண்ணும் இல்லல்ல என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் டாக்டரம்மா இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பால் வரும் குழாயின் உள்சுவரில் செல்கள் ஒழுங்காக ஒட்டியிருக்க வேண்டுமாம். எனக்கு ஓரிடத்தில் நெருக்கியடித்து அடுக்கடுக்காக வளர்ந்திருக்கின்றன. சிலதுக்கு முகமும் மாறியிருக்கிறது. பலருக்கு அது கடைசிவரை அப்படியே கிடக்கும். சிலருக்குப் பல வருஷம் கழித்துப் புற்றாகும். யாருக்கு எது என்று இன்றைக்கே சொல்ல முடியாது. எலுமிச்சங்காய் ஜாடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகத் தெரியுமே, உப்புப் பூத்ததா பூஞ்சை பிடிக்கிறதா என்று முதல் பார்வையில் தெரியாதே, அப்படியா என்று கேட்டேன். “கிட்டத்தட்ட” என்றார். அந்த இடத்தை வழித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறமும் ஜாடியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு மார்பில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாது. நீதான் கூட இருந்தாய். அம்மாவுக்கு என்ன? உனக்கு ஏதாவது உண்டா?

மார்ச் மூன்றாம் தேதி ஆபரேஷன். அதற்குள் எழுது.

தங்கை
நாகமணி

*

சேலம்
24-2-2025

நாகுவுக்கு அக்கா ஜானு ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கும் ஒன்றும் இல்லை, மூட்டுவலிதான். உன் கடிதத்தை இந்துப்ரியா கோலம் போடப் போன நேரத்தில் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

வர்ஷினியை எதற்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனாய்? மாப்பிள்ளை பார்க்கும் நேரம். அம்மாவுக்கு இப்படியாம் என்று யாராவது காதில் போட்டால் அவள் தலையில் அல்லவா விடியும். அந்த நர்ஸ் எந்த ஊர்க்காரி, நம் ஆட்கள் யாரையாவது தெரிந்தவளா என்று விசாரி.

நம் அம்மாவுக்குக் காய்ச்சல். அதில்தான் போனாள். டாக்டரிடம் அப்படியே சொல்.

உனக்காக இங்கே மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன். ஆபரேஷன் ஆனதும் வெள்ளித் தகடு வாங்கிச் செலுத்துகிறேன். கோவில் வாசலில் வரிசையாகக் கடை இருக்கிறது. கண், கை, கால், வயிறு எல்லாம் வெளியில் தொங்கும். மார்பு மட்டும் வெளியில் வைக்க மாட்டார்கள். கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்து, பேப்பரில் சுற்றித் தருவார்கள். அதுவும் மூன்றாவது கடையில்தான். அந்தக் கடையில் பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பாள், கேட்கக் கூச்சம் இருக்காது. நீ ஒன்றும் கவலைப்படாதே.

உன் வீட்டுக்காரருக்குக் கேப்பைக் கூழ் கொடு, சூடு தணியும்.

அக்கா

*

வில்லாபுரம்
9-3-2025

அக்காவுக்கு வணக்கம். மூட்டுக்கு அந்தத் தைலம் தேய்க்கிறாயா?

ஆபரேஷன் முடிந்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல் இழுக்கிறது, வேறொன்றும் இல்லை. மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது, வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் இருக்கா என்றுதானாம். தமிழ்ச்செல்வி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “எக்கா, இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில உங்க ஒருத்தருக்குத்தான் எண்ணெய்க் கவலை” என்றாள். அவள் உசிலம்பட்டிப் பக்கம். நம் ஆட்கள் யாரையும் தெரியாது, பயப்படாதே.

படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் பேசினேன். அவளுக்கும் கட்டிதான், ஆனால் வேறு வகை. தொட்டால் கோலிக்குண்டு போல நழுவுமாம். சின்ன வயசுப் பெண்களுக்கு வருவது, அநேகமாகப் பயமில்லாதது என்றார்கள். இன்னொரு அம்மாவுக்கு நீர் கோத்த கட்டி, ஊசியால் உறிஞ்சியதும் வற்றிவிட்டது. எனக்கு இருப்பது கைக்கே தெரியாதது. கட்டி என்ற ஒரே பெயருக்குள் இத்தனை இருக்கிறது அக்கா. கல் மாதிரி இறுகி, தோலை உள்ளே இழுப்பதாக இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதாம்.

வெட்டி எடுத்ததை முழுசாகப் பார்த்துச் சொல்ல மூன்று வாரம் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் வர்ஷினி சாம்பிராணி போட்டாள். கண்ணை மூடினேன், அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அம்மா முகம்கூட மங்கிவிட்டது. அந்த வாசனை மட்டும்தான் மிச்சம்.

அம்மாவைப் பற்றி எழுதினாய். உன்னைப் பற்றிக் கேட்டேனே, அதற்குப் பதில் இல்லை. விட்டுப்போயிருக்கும். அடுத்ததில் எழுது.

நாகமணி

*

சேலம்
23-3-2025

அன்பு நாகுவுக்கு, நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். உன் தையல் ஆறும்வரை தண்ணீர்க் குடம் தூக்காதே.

வெள்ளிக்கிழமை தகட்டைச் செலுத்திவிட்டேன். எலுமிச்சை மாலை போட்டு, உன் பெயருக்கு அர்ச்சனை. குங்குமம் இதோடு வைத்திருக்கிறேன். அம்மன் கையில் கொடுத்தாகிவிட்டது, அதோடு முடிந்தது. இனி நீ ஆஸ்பத்திரிப் படி ஏறாதே. வருஷா வருஷம் வா, படம் எடு என்பார்கள். போகாதே. கொடுத்த பிறகும் இருக்கிறதா இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தால், அவளை நம்பவில்லை என்று ஆகும். அவளுக்குக் கோபம் வரும்.

எழுத்து கோணலாக இருக்கும். வலக்கை கொஞ்சம் கனக்கிறது. மாவு ஆட்டியது.

இங்கே முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது.

அக்கா

*

வில்லாபுரம்
4-4-2025

அக்காவுக்கு, குங்குமம் வந்தது. நெற்றியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கை எப்படி இருக்கிறது?

பதில் வந்துவிட்டது. எடுத்ததில் எங்கேயும் புற்று இல்லை. ஊசியில் பார்த்த அதேதான். இவர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பிள்ளையாருக்கு அங்கேயே தோப்புக்கரணம் போட்டார். செக்யூரிட்டி ஓடி வந்து, அய்யா மயங்கிறாதீக என்று பிடித்துக்கொண்டார்.

ஆனால் மற்றவர்களைவிட எனக்கு வர வாய்ப்பு அதிகம், இரண்டு பக்கத்திலும். அதனால் வருஷம் ஒருமுறை படம், இடையில் கை வைத்துப் பரிசோதனை. ஒரு மாத்திரையும் சொல்கிறார், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நான் போவேன் அக்கா. உன் பேச்சைத் தட்டுவது இதுதான் முதல் தடவை.

இப்போது ஒன்று கேட்கிறேன். அம்மனுக்குத் தகடு செலுத்துவது எல்லாருக்கும் தெரியும். மார்புத் தகடு வெளியில் தொங்காது, மூன்றாவது கடையில் பேப்பரில் சுற்றித் தருவார்கள் என்பது வாங்கியவளுக்குத்தானே தெரியும்? நீ அதை எழுதியபோது எனக்காக இன்னும் வாங்கவே இல்லை.

மாவு ஆட்ட உன் வீட்டில் மெஷின் இருக்கிறது. போன பொங்கலுக்கு ராஜகுரு வாங்கிக் கொடுத்ததை நீதான் எழுதியிருந்தாய்.

கோபமில்லாமல் எழுது.

நாகமணி

*

வில்லாபுரம்
30-4-2025

அக்காவுக்கு நாகமணி. நீ சுகமாக இருக்க வேண்டும்.

பதில் இல்லை. ராஜகுருவுக்குப் போன் போட்டேன். “அம்மா நல்லாத்தான் இருக்காக சித்தி, இப்பல்லாம் கோவிலுக்குத்தான் அடிக்கடி போறாக” என்றான். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ தூங்குவதாகச் சொன்னான். அப்போது காலை பத்து மணி. நீ பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

நேற்று மீனாட்சிக்குக் கொடியேறிவிட்டது. திருக்கல்யாணத்துக்கு வா. உனக்குப் பிடித்த மாதிரி கூட்டத்துக்குப் போகாமல் டிவியில் பார்த்துவிட்டு, தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு — மன்னித்துக்கொள், பழக்கத்தில் எழுதிவிட்டேன். அத்தான் போனதிலிருந்து நீ அந்த நாளில் எங்கேயும் வருவதில்லை என்பது மறந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதற்காவது வா.

ஒன்றும் எழுத வேண்டாமென்றால், சுகம் என்று ஒரு கார்டாவது போடு.

நாகமணி

*

சேலம்
8-5-2025

நாகு,

இன்றைக்கு மீனாட்சி கல்யாணம். எல்லாரும் டிவி முன்னால் இருக்கிறார்கள். நான் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் பிள்ளையும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருங்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சலும் இருந்தது.

இடப்பக்கம் மார்பில் புண். முதலில் கட்டி, அப்புறம் உடைந்துவிட்டது. உன்னை உள்ளே விடாதே என்று அம்மாதான் சொன்னாள். அப்பாவுக்கே கடைசியில்தான் தெரியும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து நான்தான் போட்டேன். அந்த வாடை உனக்குத் தெரியக் கூடாதென்று சாம்பிராணி போட்டுக்கொண்டே இருப்பேன். அதைத்தான் நீ அம்மா வாசனை என்கிறாய். எத்தனை வருஷமாக நீ அப்படிச் சொல்லியும் நான் ஒன்றும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

எனக்கு, உன் அத்தான் போன மறுவருஷம். குளிக்கும்போது புளியங்கொட்டை அளவு தட்டுப்பட்டது. அப்போதே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஊசியில் எடுத்துப் பார்த்து, கேன்சர் இல்லை, ஆனால் செல் சரியில்லை, எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் வாங்க என்றார். உனக்குச் சொன்ன அதே பேச்சு. ஆனால் நான் அன்றைக்கு, இல்லை என்றதோடு எழுந்துவிட்டேன். நேரே கோவிலுக்குப் போய்த் தகடு செலுத்தினேன். நேர்ந்ததைக் கொடுத்துவிட்டு மறுபடி போய் எப்படி நிற்பது? என் வாக்கை நானே பொய்யாக்குவது அல்லவா?

பல வருஷம் ஒன்றும் இல்லை. அம்மன் காப்பாற்றுகிறாள் என்றிருந்தேன். போன ஆடியிலிருந்து கல்லாக இருக்கிறது. தோல் உள்ளே இழுக்கிறது. நீ எழுதியிருந்தாயே, அப்படி. கை தூக்க முடியவில்லை.

வர்ஷினி கல்யாணம் முடியட்டும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பாட்டிக்கும் என்று வரிசையாகச் சொன்னால் யார் பெண் எடுப்பார்கள்? நான் அறுபத்து மூன்று பார்த்துவிட்டேன். போதும்.

இதைக் கிழித்துவிடு.

அக்கா

*

வில்லாபுரம்
14-5-2025

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வலி எப்படி இருக்கிறது, மூன்றுக்கும் எழுது. கடிதத்தைக் கிழிக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி நான் இப்போது ஒன்றும் எழுதவில்லை. எழுத வரவில்லை. நீ பதினாறு வயதில் தனியாக அந்த அறைக்குள் என்ன பட்டிருப்பாய் என்பதைத்தான் ராத்திரியெல்லாம் நினைத்தேன்.

திங்கட்கிழமை அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். போன வருஷமும் பார்த்தேன், அதற்கு முந்தின வருஷமும். போன தடவைதான் பார்த்தாகிவிட்டதே, மறுபடி போனால் அவரை நம்பவில்லை என்று ஆகுமே என்று இந்த ஊரில் யாராவது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களா? திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதானே அக்கா பக்தி. மாரியம்மன் உனக்குப் புளியங்கொட்டை அளவில் காட்டிக் கொடுத்தாள். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வா என்று அந்த டாக்டர் வாயால் சொன்னவளும் அவள்தான் என்று நான் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் அந்தக் கோபம் என் மேல் இருக்கட்டும்.

வர்ஷினியிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது என் முடிவு. அவள், “பெரியம்மா என் கல்யாணத்துக்காகச் சாகக் கிடந்தாங்கன்னா நான் எந்த மூஞ்சியோட மணையில உக்கார்றது?” என்றாள்.

ஜூன் இரண்டாம் தேதிக்கு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வா.

நாகு

*

சேலம்
24-5-2025

நாகுவுக்கு, சாப்பிடுகிறேன். தூக்கம் கொஞ்சம் குறைவு. வலி பொறுக்கிற மாதிரிதான்.

அழகரைப் பற்றி எழுதியதைப் பல தடவை படித்தேன். நீ சின்ன வயசிலிருந்தே வாயாடி.

வாரேன். ஞாயிற்றுக்கிழமை பஸ். வர்ஷினியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று இந்துப்ரியாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உடனே எனக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பட்டோடு வந்து இறங்கப் போகிறேன், சிரிக்காதே.

பரிசோதனை முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன். என்ன பதில் வந்தாலும் நீ போய் வாங்கிக்கொண்டு எனக்கு எழுது. போனில் வேண்டாம். எதிரே உட்கார்ந்து நீ சொல்லவும் வேண்டாம், உன் முகத்தைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன். கடிதமென்றால் தனியாகப் படித்துக்கொள்வேன்.

அக்கா

*

வில்லாபுரம்
20-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நான். இரண்டே பேர். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். தமிழ்ச்செல்வி கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைக் காட்டினேன். உன் நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன்.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்டபடி.

புற்றுதான். அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிக்கும் போயிருக்கிறது. அதனால்தான் கை கனக்கிறது. வேறு எங்கேயும் போயிருக்கிறதா என்று இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கப் பார்ப்பார்கள், அப்புறம் ஆபரேஷன். முழுக்கப் போய்விடுமா என்று கேட்டேன். போய்விடும் என்று சொல்லவில்லை. போகாது என்றும் சொல்லவில்லை. “சீக்கிரம் ஆரம்பிக்கணும்மா, அதான் இப்ப நம்ம கையில இருக்கு” என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆறு மாசத்தில் போயிருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இடையில் நிஜமாகவே பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டுக்கு வர்ஷினியே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் அம்மாவுக்கு இப்படி, பெரியம்மாவுக்கு இப்படி, நானும் நாற்பதுக்கு முன்னாலேயே படம் எடுக்க ஆரம்பிப்பேன் என்று. அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அவள் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ராத்திரி மட்டும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள். நீ யாருக்காக மறைத்தாயோ அவளே சொல்லிவிட்டாள், இனி மறைக்க ஒன்றும் இல்லை. ராஜகுருவிடம் நீயே சொல். முடியாதென்றால் எழுது, நான் வந்து சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோவிலுக்குப் போனேன். வாசலில் தகடு விற்கிறவரிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மார்புத் தகடு வேண்டும் என்றேன். அவர் குனிந்து உள்ளேயிருந்து எடுத்துப் பேப்பரில் சுற்றினார். பேப்பரைப் பிரித்து அவரிடமே கொடுத்துவிட்டு, தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. ஒரு பாட்டி மட்டும் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அதை நான் செலுத்தப் போவதில்லை. விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இது முடிந்துபோனதற்கு இல்லை. நீ மருந்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் மடியில் வைத்துக்கொண்டு போவதற்கு. எப்போது செலுத்துவது என்று அப்புறம் பார்க்கலாம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாம்பிராணிக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு நின்றேன். போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் போட்டேன். அது அம்மா வாசனை இல்லை என்று தெரிந்துவிட்டது. உன் வாசனை.

கீழ் அறையைக் காலி செய்து கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். நீ சரியென்று சொன்னால்தான் டாக்டரம்மா நாள் குறிப்பார். வருகிறாயா, மாட்டாயா, அது மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

நாகு